ஒன்றுக்கு இருபத்துநான்கு: மூங்கிலில் ஒரு பிளேரியோ

7.8 மீட்டரை 24 ஆல் வகுத்தால் 325 மில்லிமீட்டர். பள்ளிக்கூட அடிமட்டத்தைவிட இரண்டரை சென்ரிமீட்டர் கூட. 1909 ஜூலை 25 அன்று லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிய பிளேரியோ 11 என்ற ஒற்றை இறக்கை விமானத்தின் இறக்கை விரிப்பு, கொழும்பு வெள்ளவத்தையில் என் மேசைமேல் நான் கட்டும் மாதிரியில் இவ்வளவுதான்.

எல்லா அளவையும் இப்படி 24 ஆல் வகுத்துக்கொண்டே போனால் விமானம் வந்துவிடும் என்றுதான் தொடக்கத்தில் எல்லோரும் நினைக்கிறோம். வகுப்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். எந்த இடத்தில் வகுப்பதை நிறுத்த வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் எனக்கு இரண்டு விமானங்கள் வீணாகின.

அக்காவின் மகன் ஒருநாள் பக்கத்தில் வந்து இருந்து, நான் மூங்கில் சீவுவதைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "பெட்டியில வாங்கலாம்தானே மாமா, ஏன் இப்பிடி மினக்கெடுறீங்கள்?"

கேள்வி நியாயமானது. பெட்டியில் வருவது கிட். அதற்குள் பிளாஸ்டிக் பாகங்கள் இலக்கம் போட்டு இருக்கும். ஒன்றை இரண்டோடு ஒட்டு என்று தாள் சொல்லும். இன்னொரு வழியில் உங்கள் கையில் இருப்பது ஒரு வரைபடமும் கொஞ்சம் மூங்கிலும் கடதாசியும் நூலும் மட்டுமே. ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, வெட்டி, வளைத்து நீங்களே ஆக்க வேண்டும். இதைத்தான் ஸ்க்ராட்ச் பில்டிங் என்கிறார்கள். பக்கற் தோசை மாவுக்கும் உளுந்து ஊறப்போட்டு அரைப்பதற்கும் உள்ள வித்தியாசம் என்று அவனுக்குச் சொன்னேன். உளுந்தையும் நீங்களே விதைக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. சக்கரத்தின் ரயருக்குத் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் ரப்பர் வளையத்தை வாங்கிக்கொள்வதால் மானம் போய்விடாது.

இந்த வேலைக்குப் பழைய விமானமே நல்லது என்று அடித்துச் சொல்வேன். பிந்திய காலத்து விமானங்களுக்கு உலோகத் தோல். அந்த வளைவுகளை வெறுங்கையால் வார்ப்பது பெரும்பாடு. பிளேரியோ 11 எலும்பும் நரம்பும் வெளியே தெரிகிற பிராணி. ஆஷ் மரச் சட்டங்களால் ஆன நீண்ட பெட்டி போன்ற உடல், அதைக் குறுக்கும் மறுக்கும் இழுத்துப் பிடிக்கும் கம்பிகள், இறக்கையில் இழுத்துப் போர்த்திய துணி. உடலின் பின்பாதிக்குத் துணிகூடக் கிடையாது. யாழ்ப்பாணத்தில் பெட்டிப்பட்டமோ கொக்குப்பட்டமோ கட்டி ஏற்றியவருக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே கைவந்தது. மூங்கிலை நார் பார்த்துப் பிளப்பதும், கணுவைத் தவிர்ப்பதும், பட்டத்தை நூலோடு தொடுக்கும் முச்சையைக் கட்டும்போது இரண்டு பக்கமும் சமமாக இழுபடுகிறதா என்று பார்ப்பதும் இங்கேயும் வேண்டிய பழக்கங்கள்தான்.

பின்பாதி திறந்திருப்பதில் ஒரு சங்கடமும் உண்டு. பிழை விட்டால் மூடி மறைக்க இடமில்லை.

"இந்தப் பிளேனுக்கும் எங்கட ஊருக்கும் என்ன?" என்றும் அவன் கேட்டான். பிரெஞ்சு விமானி மார்க் பூர்ப் 1912 இலேயே கொழும்பில் பறந்து காட்டியிருக்கிறார். பிளேரியோ கால்வாயைத் தாண்டி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. இன்று நாம் கடை பார்க்கப் போகிற கொழும்பு 7 ரேஸ்கோர்ஸ், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போர் விமானங்கள் இறங்கிய ஓடுபாதை. அவனுக்கு அது போதுமாக இருந்தது.

அளவுத்திட்டம் என்றால்

புவியியல் பாடத்தில் படித்த அதே அளவுத்திட்டம்தான். 1/24 என்றால் மாதிரியில் ஒரு மில்லிமீட்டர், நிஜத்தில் 24 மில்லிமீட்டர். கீழே உள்ள எண் பெருக்கப் பெருக்க மாதிரி சிறுக்கும். இதிலேயே பலர் முதலில் தடுமாறுவார்கள். இதே பிளேரியோ 1/72 இல் 108 மில்லிமீட்டர், உள்ளங்கைக்குள் அடங்கும். 1/12 இல் 650 மில்லிமீட்டர், அதற்கு வீட்டில் தனி அலுமாரி வேண்டும்.

24, 48, 72 என்ற இந்த வினோத எண்கள் அடி அங்குலக் காலத்தின் மிச்சம். ஓர் அடிக்கு அரை அங்குலம் என்று வரைந்தால் 1/24. கால் அங்குலம் என்றால் 1/48. ஆறு அடிக்கு ஓர் அங்குலம் என்றால் 1/72. முதல் முயற்சிக்கு 1/24 ஐத்தான் சொல்வேன். அதைவிடச் சிறிதானால் மூங்கில் சீவல் விரலுக்கு அகப்படாது.

நீளம் 24 இல் ஒரு பங்கானால் பரப்பு 24 × 24, அதாவது 576 இல் ஒரு பங்கு. பிளேரியோவின் இறக்கைப் பரப்பு ஏறக்குறைய 14 சதுர மீட்டர். மாதிரியில் 243 சதுர சென்ரிமீட்டர், ஓர் ஏ4 தாளில் பாதிகூட இல்லை. எடை இன்னும் ஒரு தடவை 24 ஆல் வகுபடும்: 13,824 இல் ஒரு பங்கு. வெறும் விமானம் 230 கிலோ அளவில் இருந்தது. கணக்குப்படி உங்கள் மாதிரி 17 கிராமுக்குள் வர வேண்டும். பறக்கவிடும் எண்ணம் இல்லையென்றால் இந்த 17 கிராம் பற்றிக் கவலையே வேண்டாம். நான் கட்டுவது பார்வைக்கு வைப்பது, பறப்பதற்கல்ல. தராசில் வைத்ததும் இல்லை.

இனி வகுத்தல் கைவிடுகிற இடம். நிஜ விமானத்தில் ஒரு சட்டம் 30 மில்லிமீட்டர் தடிப்பு என்று வைத்துக்கொள்வோம். 24 ஆல் வகுத்தால் 1.25 மில்லிமீட்டர். மூங்கிலில் சீவிவிடலாம். 2 மில்லிமீட்டர்க் கம்பி 0.08 மில்லிமீட்டர் ஆகும், தலைமுடியின் கனம். அதுவும் எப்படியாவது அகப்படும். துணிக்கு வாருங்கள். அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த துணியை 24 ஆல் வகுத்தால், பட்டம் ஒட்டும் மெல்லிய தாள்கூட அதற்குத் தடிப்பாகிப் போகும். அதற்குமேல் மெலிதாக ஒன்றைத் தேடி அலைவதில் பயனில்லை. அந்தத் தாளையே எடுத்துக்கொண்டு, அதன் நிறமும் இழுவையும் துணிபோல் தெரியச் செய்ய வேண்டும். சட்டத்தில் இருந்த ஆணித்தலைக்கும் இதே கதிதான். கணக்குப்படி அது தூசி. தூசி அளவில் வைத்தால் தெரியாது. தெரிகிற அளவில் வைத்தால் அசிங்கம். நான் விட்டுவிடுகிறேன். கண் எதை எதிர்பார்க்கிறதோ அதைக் கணக்குச் சரியாகச் செய்து, கண் தேடாததை விட்டுவிடலாம் என்பது என் கட்சி. ஒவ்வோர் ஆணியையும் வைத்தே தீருவேன் என்கிறவர்களும் உண்டு. அவர்களின் பொறுமைக்கு ஒரு கும்பிடு.

வரைபடம்

முன், மேல், பக்கம் என்று மூன்று பார்வையும் உள்ள வரைபடம் வேண்டும். தேடினால் இரண்டு மூன்று கிடைக்கும். ஒன்று மற்றதோடு ஒத்துப்போகாது. பிளேரியோ 11 இன் நீளத்தை 7.62 மீட்டர் என்று போட்டவர்களும் உண்டு, 8 மீட்டர் என்று போட்டவர்களும் உண்டு. மாதிரியில் அது 317 க்கும் 333 க்கும் உள்ள வித்தியாசம். பிளேரியோ 11 என்ற பெயரில் நூற்றுக்கணக்கில் விமானங்கள் கட்டினார்கள். எஞ்சின் மாறியது, வால் மாறியது, இரண்டு பேர் இருக்கும் வகையும் வந்தது. அதனால் ஒரே ஒரு விமானத்தை, அதுவும் ஒரே ஒரு நாளில் அது இருந்த கோலத்தைத் தெரிவு செய்யுங்கள். நான் எடுத்தது கால்வாயைத் தாண்டியதையே. அது இன்னும் பாரிஸில் ஆர் ஏ மெத்தியே அருங்காட்சியகத்தில் தொங்குகிறது, படங்களுக்குக் குறைவில்லை. இங்கிலாந்தில் ஓல்ட் வார்டனில் உள்ள ஷட்டில்வொர்த் சேகரிப்பிலும் ஒரு 1909 பிளேரியோ இருக்கிறது. இரண்டின் படங்களையும் கலந்து பார்த்துக் கட்டினால் இரண்டும் இல்லாத மூன்றாவது ஒன்றுதான் வரும்.

அச்செடுக்கும்போது என் பணம் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். 325 மில்லிமீட்டர் இறக்கை ஏ4 தாளில் அடங்காது, ஏ3 வேண்டும். பக்கத்துத் தெருவில் ஒரு கடையில் கொடுத்தேன். அந்தப் பொடியன் நல்லெண்ணத்தில், ஓரம் வெட்டுப்படாமல் இருக்கட்டும் என்று தாளுக்குள் அடக்கி அச்சிட்டிருக்கிறான். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. எனக்குத் தெரியாது. உடல் வேறொரு பிரதியில் ஏற்கெனவே கட்டி முடிந்திருந்தது. இறக்கையும் முடிந்து இரண்டையும் பக்கத்தில் வைத்தபோது, ஏதோ குறுகின கோழிக்குஞ்சு மாதிரி இருந்தது. அளந்தால் 315. பத்து மில்லிமீட்டர் காணோம். அன்றிலிருந்து வரைபடத்தின் மூலையில் சரியாக 100 மில்லிமீட்டர்க் கோடு ஒன்று போட்டுவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுக்கிறேன். கடையை விட்டு இறங்க முன்னமே அடிமட்டத்தை வைத்துப் பார்க்கிறேன்.

உடல்

வரைபடத்தை மென்பலகையில் விரித்து, மேலே மெழுகுக் கடதாசி போட வேண்டும். இல்லாவிட்டால் சட்டம் வரைபடத்தோடு ஒட்டிக்கொள்ளும். மூங்கில் சீவலைக் கோட்டின்மேல் வைத்து இருபுறமும் குண்டூசி குத்துங்கள். சீவலை ஊடறுத்துக் குத்தாதீர்கள், பிளந்துவிடும். மேல் நீளச் சட்டம், கீழ் நீளச் சட்டம், இடையில் நிற்கும் சிறு தூண்கள். ஒரு பக்கம் காய்ந்ததும் அதன்மேல் இன்னொரு மெழுகுக் கடதாசி போட்டு, அதே ஊசிகளுக்குள்ளேயே மறுபக்கத்தையும் கட்டுங்கள். இரண்டையும் தனித்தனியாகக் கட்டினால் அரை மில்லிமீட்டராவது மாறும். அந்த அரை மில்லிமீட்டர் வாலுக்குப் போகும்போது முழு விமானத்தையும் கோணலாக்கிவிடும்.

ஈர்க்கில் செய்யலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தென்னோலை ஈர்க்கு சும்மா கிடைக்கிறது, நேராகவும் இருக்கிறது. ஆனால் ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்திருக்கும், மட்டமான முகமும் கிடையாது. ஒட்டுமிடம் பிடிக்காது. மாதிரிக்கட்டுநர் எல்லோரும் புகழும் பால்சா என்ற இலேசான மரம் இங்கே நினைத்த நேரம் கிடைப்பதில்லை. கிடைத்தாலும், திறந்து கிடக்கும் இந்த உடலுக்கு அதன் பஞ்சுபோன்ற நார் கண்ணை உறுத்தும். மூங்கிலின் நெருங்கிய நார்தான் சின்ன அளவில் ஆஷ் மரமாகத் தெரிகிறது. சீவிய பிறகு பழைய பிளேட்டின் விளிம்பால் சுரண்டிச் சதுரமாக்குங்கள்.

இரண்டு பக்கங்களையும் நிறுத்தி, குறுக்குக் கட்டைகளால் இணைக்கும்போது மூலைமட்டத்தைக் கையிலிருந்து வைக்காதீர்கள். முதலில் விமானி இருக்கும் இடம், அங்கே பெட்டி நேர்ச்சதுரம். அது காய்ந்த பிறகுதான் வால் முனைகளைக் கிட்டக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அவசரப்பட்டு இரண்டையும் ஒரே இரவில் செய்தால் உடல் முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய உடலைத் திருத்தவே முடியாது. நான் முயன்றிருக்கிறேன்.

இறக்கை

இறக்கைக்குள் குறுக்காக இரண்டு முதுகுச் சட்டங்கள், அவற்றின்மேல் வளைந்த விலாக்கள். விலாக்கள் எல்லாம் ஒரே வளைவாக இருக்க வேண்டும். கனமான அட்டைகளை அடுக்கி, இரண்டு தகரத் துண்டுகளுக்கு நடுவே இறுக்கிப் பிடித்து, ஒரேயடியாக அரத்தால் ராவினால் ஒன்றுபோல வரும். இறக்கை நுனியின் வளைவுக்கு மூங்கிலை ஊறவைத்து மெழுகுதிரிச் சுடருக்கு மேலே, சுடரில் படாமல் வளைக்கலாம்.

படத்தைப் பார்த்து இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தட்டுகளைக் கீறிவிடாதீர்கள். பின்னாள் விமானங்களுக்கு அவை உண்டு, இதற்கில்லை. பிளேரியோ தன் விமானத்தைச் சரித்ததும் நிமிர்த்தியதும் இறக்கையையே முறுக்கித்தான். முன் முதுகுச் சட்டத்தின் கம்பிகள் அசையாமல் கட்டியவை. பின் சட்டத்தின் கம்பிகள் விமானியின் கைப்பிடியோடு தொடுத்தவை. அவர் கைப்பிடியைச் சரித்தால் ஒரு பக்க இறக்கையின் பின்விளிம்பு கீழே இழுபடும், மறுபக்கம் மேலே போகும். அந்தக் கைப்பிடியின் அடியில் கவிழ்த்த மணிபோல ஒரு கிண்ணம் இருக்கும். கம்பிகள் அதன் விளிம்பில்தான் வந்து சேர்கின்றன. மாதிரியில் அதற்கு நான் எடுத்தது ஒரு சட்டை அழுத்துப் பொத்தானின் மூடி. கம்பி ஏன் அந்த வழியாகப் போகிறது என்று விளங்கினால், எதை எங்கே கட்டுவது என்று வரைபடத்தைப் பார்க்கவே தேவையிருக்காது.

கம்பி வேலைக்கு எஃகு வேண்டாம். கடற்கரையிலிருந்து நாலு வீடு தள்ளி இருக்கிறேன், இங்கே குண்டூசிகூட ஒரு மழைக்காலத்தில் துருப்பிடிக்கிறது. கிடைப்பதில் மிக மெல்லிய தங்கூசியே, அதாவது மீன்பிடிக்கும் நைலோன் நூலே போதும். தொங்கலாக நின்றால் பற்றவைத்த ஊதுபத்தியைத் தொடாமல் கிட்டக் கொண்டுபோங்கள். நைலோன் சுருங்கி விறைத்துக்கொள்ளும். தொட்டுவிட்டால் அறுந்தது. விமானிக்கு மேலே கவிழ்த்த வி வடிவில் நிற்கும் கம்பித் தாங்கிக்குச் செட்டியார் தெருவுக்குப் போனேன். நகைப்பட்டறையில் கம்பியச்சு வைத்திருப்பார்கள். பித்தளைக் கம்பியை அதன் ஓட்டைகளுக்குள்ளால் இழுத்து இழுத்து நீங்கள் கேட்கும் கனத்துக்கு மெலிதாக்குவார்கள். "என்ன நகைக்குத் தம்பி?" என்று அந்த ஐயா கேட்டார். விமானத்துக்கு என்றேன். காசு வாங்கவில்லை.

தாள் போர்த்துவது

கொழும்பின் ஈரத்தோடு மல்லுக்கட்ட வேண்டிய கட்டம் இதுதான். தாளை விலாக்களின் மேல் நீர்த்த வெள்ளைப் பசையால் ஒட்டி, காய்ந்ததும் தண்ணீரை மெல்லிய தூவலாக அடித்தால், காயும்போது தாள் சுருங்கி மத்தளம்போல் விறைக்கும். அந்த இழுவையில் இறக்கையே வளைந்துவிடும் என்பதால் காய்ந்து முடியும்வரை பலகையோடு குத்தி வைத்திருக்க வேண்டும். மத்தியான வெயிலில் விறைப்பாக இருக்கும் தாள், மாலை மழைக்குத் தொய்ந்துபோகும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடியும் தண்ணீர் அடித்தீர்களோ, அடுத்த வெயிலில் விலா முறியும். விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று நாள் போன பிறகு, வெயிலான ஒரு மத்தியானத்தில், நீர்த்த வார்னிஷை மெல்லிய பூச்சாகக் கொடுத்தால் ஈரம் உள்ளே போவது குறையும். வார்னிஷ், தின்னர் வேலையை யன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், அடுப்புப் பக்கம் வேண்டாம்.

நிறத்துக்கு நான் பெயின்ற் தொடுவதில்லை. முதல் தூவலுக்குத் தண்ணீருக்குப் பதிலாக ஆறவைத்து வடித்த பிளேன் டீ. சாயம் கடுமையானால் வட்டம் வட்டமாகக் கறை விழும், அதனால் பலதடவை பாவித்த தேயிலைத் தூளே நல்லது. வெளுக்காத துணியின் அந்த மங்கல் மஞ்சளுக்கு எந்தப் பெயின்ற் போத்தலும் இவ்வளவு கிட்ட வந்ததில்லை.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாக. அன்சானியின் மூன்று சிலிண்டர், விசிறிபோல விரிந்து நிற்பது, 25 குதிரைவலு. சிலிண்டரைச் சுற்றியுள்ள குளிர்த்தும் விளிம்புகளைச் செதுக்கப் போகாதீர்கள்; ஒரு மரக்குச்சியில் தையல் நூலை நெருக்கமாகச் சுற்றிக் கறுப்படித்தால் போதும். விமானத்தின் முன்னால் சுழலும் விசிறி, ஷோவியேர் என்பவர் வால்நட் மரத் தகடுகளை ஒட்டிச் செதுக்கியது. ஐஸ்கிரீம் குச்சிகளை விசிறி மடிப்பாக ஒட்டி, ஏறக்குறைய 85 மில்லிமீட்டருக்குச் செதுக்கினால் அதே வரிகள் தானாக வெளியே வரும்.

முழு விமானத்தையும் முதல் நாளே தொடங்க வேண்டாம். உடலின் இரண்டு பக்கச் சட்டங்களை மட்டும் கட்டுங்கள். ஊசிகளைக் கழற்றி, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எங்காவது இரண்டு தூண்களுக்கிடையே வெளிச்சக் கீற்றுத் தெரிந்தால் இரண்டையும் எறிந்துவிட்டுப் புது மூங்கில் எடுங்கள். என் மருமகனுக்கு நான்காவது சோடியில்தான் கீற்று மறைந்தது.